18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு: அமெரிக்காவில் பெற்றோர் கையெழுத்து எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

போன குளிர்காலத்தில் ஒரு நாள், கிளினிக் திறந்த சற்று நேரத்தில் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு 16 வயது. அம்மா ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். முன்மேசையில் இருந்த பெண் இருவருடைய அடையாள அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மகளின் கடைசிப் பெயர் அவளுடைய அப்பாவின் பெயர். அம்மாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். இவர்தான் தாய் என்று காட்ட அந்த மேசையில் ஒரு காகிதமும் இல்லை.

நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே நிலைதான். அந்த அம்மா திரும்ப வீட்டுக்குப் போய் மகளின் இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் அச்சாகியிருந்தது. போக வர ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் என் அறையில் குளிர்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

மிச்சிகனில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் வேலை கவுன்சிலர். ஒப்புதல் படிவத்தை விளக்குவது, பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது, தேவைப்பட்டால் நீதிமன்ற வழியைச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை நம்பி வந்து சொல்லக்கூடிய ஆள் நீங்கள் என்றால், அம்மாவோ சித்தியோ தமிழ்ப் பள்ளி டீச்சரோ, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வந்து சொன்ன அந்த நிமிடத்தில் "யாரு அவன்?" என்று கேட்கத் தோன்றும். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்கவேண்டியது, கடைசி பீரியட்ஸ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பது. காலண்டரை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டமும் மருத்துவமும் வாரக் கணக்கை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. இதைப் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஃப்ளோரிடா, ஜார்ஜியா, தென் கரோலினா, அயோவா ஆகிய மாநிலங்களில் சுமார் 6 வாரத்தோடு கதவு மூடிவிடுகிறது. 28 நாளுக்கு ஒரு முறை ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது தெரியும்போதே 4 வாரம் முடிந்திருக்கும். மிச்சம் இருப்பது இரண்டு வாரம். வட கரோலினாவில் 2023 ஜூலையிலிருந்து வரம்பு 12 வாரம். அதிலும் நேரில் போய் ஆலோசனை பெற்று 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒரு பெண் பத்து நாளைக் கடத்திவிடுவாள். அதனால்தான் தேதியை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

அடுத்தது எந்த மாநிலம் என்பது. அவள் வீடு எங்கே இருக்கிறது என்பதை விட, எந்த மாநிலத்தில் செய்துகொள்கிறாள் என்பதுதான் முக்கியம். சிகிச்சை நடக்கும் இடத்தின் சட்டத்தைத்தான் கிளினிக் பின்பற்றும். 1973-லிருந்து நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அதன் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் வேறு உலகம். டெக்சஸில் இருப்பவர்கள் என்னிடம் "நானே கையெழுத்துப் போடறேன், அப்பவுமா முடியாது?" என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது. அங்கே பெரியவர்களுக்கே தடை, பெற்றோர் கையெழுத்து எதையும் மாற்றாது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவுக்குத்தான் போக வேண்டும். அங்கே பெற்றோர் விதியே கிடையாது.

பெற்றோர் விதி இல்லாத மாநிலங்களில் நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. அதைத் திரும்பக் கொண்டுவர 2005, 2006, 2008 என்று மூன்று முறை வாக்கெடுப்பு நடந்து மூன்றும் தோற்றன. நியூ ஜெர்சியில் 2000-த்தில் மாநில உச்ச நீதிமன்றமே நீக்கியது. நியூயார்க், வாஷிங்டன், ஆரகன் ஆகியவற்றிலும் இல்லை. இல்லினாயில் 2022 ஜூன் 1 முதல் இல்லை, மினசோட்டாவிலும் அதே ஆண்டு ஜூலையில் போய்விட்டது. மான்டானாவில் 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புதல் சட்டத்தைச் செல்லாது என்றது. மாசசூசெட்ஸ் நடுவில் நிற்கிறது: 2020 கடைசியில் வந்த மாற்றத்தின்படி 16, 17 வயதுப் பெண்களுக்குக் கையெழுத்து வேண்டாம், 16-க்குக் கீழே என்றால் வேண்டும். இந்தப் பட்டியலை நம்பி வண்டியை எடுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போன் செய்து, "வயது 16, இத்தனை வாரம், பெற்றோரில் யாராவது வரவேண்டுமா, என்ன காகிதம் கொண்டுவரவேண்டும்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமலே கேட்கலாம். இன்னொன்று: "நீங்கள் அங்கே கருக்கலைப்பு செய்கிறீர்களா?" என்றும் நேராகக் கேளுங்கள். இலவசப் பரிசோதனை, இலவச ஸ்கேன் என்று பலகை வைத்துவிட்டு, கருக்கலைப்பே செய்யாமல், மனதை மாற்றுவதற்கென்று நடத்தும் மையங்களும் இருக்கின்றன. அங்கே இரண்டு முறை போய்வந்தால் ஒரு வாரம் காலி.

விதி இருக்கும் மாநிலங்களிலும் இரண்டு வகை உண்டு. ஒப்புதல் என்றால் பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அறிவிப்பு என்றால் பெற்றோருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால் போதும். அவர்கள் "கூடாது" என்று சொன்னாலும் சட்டப்படி தடுக்க முடியாது. கொலராடோவும் நியூ ஹாம்ப்ஷயரும் அறிவிப்பு மாநிலங்கள். தகவல் போய் 48 மணி நேரம் கழிய வேண்டும். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, வர்ஜினியா, வட கரோலினா ஆகியவை ஒப்புதல் மாநிலங்கள். இங்கே மிச்சிகனில் 2022-இல் மக்கள் வாக்களித்துக் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் எழுதிவிட்டதால் மைனர்களுக்கான விதியும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரில் ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தந்தாக வேண்டும்.

ஒருவர் போதும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். "அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடே ரெண்டாயிடும்" என்று சொல்லித் தயங்கிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஐந்து மாநிலங்களிலும் அம்மா மட்டும் போட்டால் சரி. பென்சில்வேனியாவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: கருவுக்குக் காரணமே தகப்பன் என்றால் தாயின் ஒப்புதல் மட்டும் போதும் என்று சட்டமே சொல்கிறது.

பெற்றோருக்குப் பதில் பாட்டியோ சித்தியோ கையெழுத்துப் போடலாமா? நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. ஆனால் விஸ்கான்சினில் 25 வயதோ அதற்கு மேலோ ஆன அண்ணன், அக்கா, சித்தி, அத்தை, மாமா, தாத்தா, பாட்டி யாரும் போடலாம். வட கரோலினாவில் பாட்டி தாத்தாவுக்கு உரிமை உண்டு, ஆனால் பேத்தி அவர்களோடு குறைந்தது 6 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். விசிட்டர் வீசாவில் வந்து மூன்றாவது மாதத்தில் இருக்கும் பாட்டிக்கு இது பொருந்தாது. வர்ஜினியாவில், பிள்ளை வழக்கமாக யாரோடு வாழ்கிறாளோ, யார் அவளைப் பார்த்துக்கொள்கிறாரோ, அந்தப் பாட்டியோ வயதுவந்த உடன்பிறப்போ போடலாம். ஒப்புதல் தருபவர் கிளினிக்குக்கு நேரில் வராவிட்டால், அது நோட்டரி முன்னால் கையெழுத்தாக வேண்டும்.

காகிதம் என்று வந்தால், கடைசிப் பெயர் வேறுபடும் வீடுகளில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பெயர் அச்சான பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடுபவரின் படத்தோடு கூடிய அட்டையும் வேண்டும். பெற்றோர் இந்தியாவில் இருந்து, பிள்ளை இங்கே உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்றால், நோட்டரி எப்படி, ஒப்புதலை எப்படி அனுப்புவது என்று கிளினிக்கில் கேட்டுவிட்டு அப்புறம் ஏற்பாடு செய்யுங்கள். காகிதத்தை அங்கிருந்து இரண்டாவது முறை வரவழைக்க நேரம் இருக்காது.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெற்றோர் போட்டுவிட்டால் மட்டும் நடந்துவிடாது. பெண் தானே சம்மதிக்க வேண்டும். நாங்கள் அவளைத் தனியறையில் வைத்துக் கேட்போம். "அம்மா சொல்றாங்க, அதனால" என்று அவள் சொன்னால் அன்றைக்கு எதுவும் செய்ய மாட்டோம். கோபித்துக்கொண்டு போன பெற்றோர் உண்டு. அந்தப் பெண் குழந்தையைப் பெற்று வளர்க்க நினைத்தாலும், தத்துக் கொடுக்க நினைத்தாலும் அந்த வழிகளைப் பற்றியும் பேச நேரம் தருவோம். உங்களிடம் வந்து சொன்னவளிடமும் முதலில் "நீ என்ன பண்ணணும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமலே டாக்டர் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

சரி, பெற்றோரிடம் சொல்வது. சொல்ல முடிந்தால் சொல்வதுதான் நல்லது என்று நானும் நம்புகிறேன். பெரும்பாலான பெண்கள் யாரும் கட்டாயப்படுத்தாமலே சொல்லிவிடுகிறார்கள். பெற்றோர் விதி இல்லாத மாநிலங்களில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வில் 61 சதவீதப் பெண்கள், பெற்றோரில் ஒருவருக்காவது தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கும் பெண்ணிடம் நான் ஒரு சின்ன வழி சொல்வேன்: ஒரே வரியில் எழுதிக் கொடு, பக்கத்திலேயே இரு. தமிழில் பேசிப் பழகி ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைகளுக்கு இதற்கான தமிழ் வார்த்தையே தெரியாது. ஒரு பெண் "அம்மா, பீரியட்ஸ் வரல, ரெண்டு மாசமா, டெஸ்ட் பண்ணிட்டேன்" என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தாள். அம்மா படித்துவிட்டு, முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்டாராம்.

ஆனால் அவள் "சொல்லவே முடியாது ஆன்ட்டி" என்றால் அதை நம்புங்கள். "உங்கம்மாவை எனக்கு இருபது வருஷமா தெரியும், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்குள் ராத்திரி என்ன நடக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். நீங்களாகப் போய்ச் சொல்லிவிடவும் கூடாது.

அப்படிப்பட்ட பெண்ணுக்கு இருக்கும் வழிதான் ஜுடிசியல் பைபாஸ்: பெற்றோருக்குப் பதிலாக நீதிபதி அனுமதிப்பது. 1979-இல் மாசசூசெட்ஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் ஒப்புதல் கேட்கும் மாநிலம் இந்த மாற்று வழியையும் தர வேண்டும் என்று சொன்னது. அதனால்தான் பெரும்பாலான சட்டங்களில் இது இருக்கிறது. 2022-க்குப் பிறகு அந்தத் தீர்ப்பின் அடித்தளம் போய்விட்டது. இப்போது இந்த வழி மாநிலச் சட்டத்தை நம்பி நிற்கிறது. 2025 மே மாதம் ஃப்ளோரிடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இந்த வழி பெற்றோரின் உரிமையை மீறுகிறது என்றே தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மாநிலத்தில் இன்றைக்கு என்ன நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். இஃப் வென் ஹவ் என்ற வழக்கறிஞர் அமைப்பு ரெப்ரோ லீகல் ஹெல்ப்லைன் என்ற தொலைபேசி உதவியை நடத்துகிறது. மைனர்கள் தாங்களே கூப்பிடலாம், ரகசியமாகப் பேசலாம்.

நீதிபதி பார்ப்பது இரண்டு விஷயம். தானே முடிவெடுக்கும் அளவுக்கு இந்தப் பெண்ணுக்குப் பக்குவமும் தகவலும் இருக்கின்றனவா? இல்லாவிட்டால், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அனுமதிப்பது அவளுக்கு நல்லதா? இரண்டில் ஒன்று நிரூபணமானால் போதும். மிச்சிகனில் மனு போட்ட 72 மணி நேரத்துக்குள் விசாரணை நடக்க வேண்டும், ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் வராது. பென்சில்வேனியாவில் 3 வேலை நாள், வட கரோலினாவில் 7 நாளுக்குள் முடிவு. விசாரணை மூடிய அறையில், மனுவில் முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் போடலாம். கேட்டால் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். பெற்றோருக்குக் கடிதம் போகாது.

எழுத்தில் இப்படி இருந்தாலும் நடைமுறை வேறு. ஒரு பெண்ணுக்காக ஒரு கவுண்டி நீதிமன்றத்துக்கு நானே போன் செய்தேன். எடுத்த கிளர்க், "அதெல்லாம் நாங்கள் இங்கே செய்வதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். செய்தாக வேண்டிய நீதிமன்றம் அதுதான். இரண்டாவது முறை ஒரு வழக்கறிஞர் கூப்பிட்டுச் சட்டப் பிரிவைச் சொன்ன பிறகுதான் மனுப் படிவம் வந்தது. அந்தப் பெண் தனியாகக் கூப்பிட்டிருந்தால் அதோடு விட்டிருப்பாள். அதனால் நீதிமன்றத்துக்கு நேராகப் போவதை விட, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள். கிளினிக்கிலேயே தொடர்பு இருக்கும்.

விசாரணையில் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இந்தச் சிகிச்சையில் என்ன நடக்கும், என்ன ஆபத்து, வேறு வழிகள் என்ன, யாரிடம் பேசினாய், ஏன் பெற்றோரிடம் சொல்ல முடியாது, அப்புறம் உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வாய், பள்ளியில் எப்படி, மேலே என்ன படிக்கப்போகிறாய். கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் ஃப்ளோரிடாவில் 17 வயதுப் பெண் ஒருத்தியின் மனுவை நீதிபதி மறுத்தபோது அவளுடைய மதிப்பெண் சராசரியைக் காரணமாகக் காட்டினார். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டில் அது மாறியது. மதிப்பெண் அட்டை நன்றாக இருந்தால் எடுத்துப் போகட்டும். இல்லாவிட்டால் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது, கடையில் பகுதிநேர வேலை, சொந்தமாகக் காரோட்டுவது என்று அவள் பொறுப்பாகச் செய்யும் வேலைகளைச் சொல்லட்டும். பதிலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். ஒப்பிக்கிறாள் என்று கேட்டவுடனே தெரிந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து, அவள் வார்த்தையிலேயே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அழுதால் பரவாயில்லை என்றும் சொல்லிவையுங்கள்.

விசாரணை நேரம் பெரும்பாலும் பள்ளி நேரமாக இருக்கும். ஒரு பீரியடுக்குப் போகாவிட்டாலே பெற்றோர் போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும் பள்ளிகள் நிறைய. மூன்று மணிக்கு மேல் நேரம் கேட்கச் சொல்லி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் லைஃப்360 போன்ற செயலிகளைப் பற்றியும், குடும்பத் திட்டத்தில் ஓடும் போனைப் பற்றியும் யோசியுங்கள். இன்சூரன்ஸ் அதைவிட முக்கியம்: அப்பாவின் கம்பெனி இன்சூரன்ஸில் கட்டினால், என்ன சிகிச்சை, எவ்வளவு என்று ஒரு தாள் அவர் பெயருக்கு வீட்டுக்கு வரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், நேரடியாகப் பணம் கட்டுவது பற்றியும் கருக்கலைப்பு நிதி உதவிகள் பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள்.

கர்ப்பம் பலாத்காரத்தாலோ, வீட்டு ஆள் ஒருவராலோ வந்தது என்று தெரிந்தால், கிளினிக் ஊழியர்கள் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இதைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் தெரிந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாள்.

நீங்களே காரில் வேறு மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ நாலரை மணி நேர ஓட்டம், அங்கே பெற்றோர் விதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பெற்றோர் இல்லை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஐடஹோவில் 2023-இலும் டென்னசியில் 2024-இலும், பெற்றோருக்குத் தெரியாமல் மைனரைக் கருக்கலைப்புக்காகக் கூட்டிப்போகும் பெரியவர்களைக் குறிவைத்துச் சட்டங்கள் வந்திருக்கின்றன. ஐடஹோவில் 2 முதல் 5 வருடம் வரை சிறை. அவற்றின் சில பகுதிகளை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன, எல்லாவற்றையும் நிறுத்தவில்லை.

நீதிபதி மறுத்துவிட்டாலும் மேல்முறையீடு உண்டு. மிச்சிகனில் அதற்கான அறிவிப்பை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே வழக்கறிஞரின் செல் எண் இல்லாமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அனுமதித்துவிட்டால், உத்தரவின் சான்றிட்ட நகலைக் கிளர்க் மேசையில் அங்கேயே கேட்டு வாங்குங்கள். நான் கூடப் போன பெண் சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டுக் கார் வரைக்கும் வந்துவிட்டாள். மணி 4:40. திரும்ப மாடிப்படி ஏறி ஓடினோம், ஜன்னல் மூட இருபது நிமிடம் இருந்தது.